தங்கக்கனியம்மனின் இடது காது

வெள்ளைப்பாத்தி உப்பளத்து ஜனங்கள் தங்கக்கனிக்குப் பீடம் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குலவையிட்டு அவளை அம்மனாக்கி முடித்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், தங்கக்கனி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், தலையெல்லாம் பஞ்சு அப்பிக்கிடக்க, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு நின்றாள். தான் செத்துப்போனதும் அவளுக்குத் தெரியாது, சாமியானதும் தெரியாது.

செத்தவர்கள் எல்லோரும் சாமியாகிவிட முடியாது, அதற்கென்று அந்தக் கடற்கரையில் ஒரு முறை இருந்தது. வயதாகி, பாயில் படுத்து, பால் குடித்துப் போனவர்களை வருஷத்துக்கு ஒருமுறை நினைத்தால் போதும். அகாலத்தில், அநியாயமாய், உடம்புகூடக் கிடைக்காமல் போன பொம்பளையை அப்படி விட்டுவிட முடியாது. அவள் பசியோடு ஊரைச் சுற்றுவாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், விளைந்த உப்பு கரையும். ஆகவே நாற்பத்தோராம் நாள் மூன்று செங்கலை அடுக்கி, சாந்து பூசி, அவளை அங்கே உட்காரவைத்து, இனிமேல் நீதான் எங்களுக்குக் காவல் என்று சொல்லிவிட வேண்டும். பயந்துதான் கும்பிட ஆரம்பிப்பார்கள், கும்பிடக் கும்பிடப் பிரியம் வந்துவிடும். அந்தப் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

உண்மையில் நடந்தது ரொம்பச் சாதாரணம். ஒருநாள் காலையில் அவள் புருஷன் சண்முகவேல், கஞ்சியில் உப்பு கூடிப்போனது என்று சொல்லி (உப்பளத்துக்காரனுக்கு உப்புமேல் கோபம் வருவது விந்தைதான், அடிக்கிறவனுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டுமே), உப்பு வாரும் பலகையின் காம்பால் அவள் இடது காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று வைத்தான். அந்தக் காது அன்றோடு செவிடாயிற்று. அவள் மத்தியானம்வரை பாத்தியில் நின்று உப்பு வாரினாள், வாரிக்கொண்டே யோசித்தாள், அடுத்த அடி வலது காதுக்கு என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரப்பர் பூட்ஸைக் கழற்றி, கடல்தண்ணீர் வரும் கால்வாய்க் கரையில் ஜோடியாக, முனை தண்ணீரைப் பார்க்க வைத்தாள். அது கம்பெனி பூட்ஸ், போட்டுக்கொண்டு போனால் களவு என்று ஆகிவிடும் என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் இல்லை. அப்படியே வெறுங்காலோடு உடைமரக் காட்டுக்குள் நடந்து, ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஆறு வயது மகள் பொன்செல்வி அந்நேரம் பள்ளிக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். ஒரு வேலை கிடைத்தால் போதும், ஒரே மாதத்தில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தாய்க்காரி நினைத்தாள், நினைத்ததில் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. கால்வாய் உடைந்தது, பாத்திகள் எல்லாம் ஒரே வெள்ளமாயின, ஆனால் கரையில் வைத்த பூட்ஸ் இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. தண்ணீரில் விழப்போகிறவர்கள் காலில் கிடப்பதைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் விழுவார்கள் என்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. சங்கு குளிக்கிறவர்களைக் கூட்டிவந்து தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நாற்பத்தோராம் நாள் சண்முகவேலின் அண்ணன் கொம்பையா, உப்பளத்தில் கங்காணியும் அன்றுமுதல் அந்தக் கோயிலுக்குப் பூசாரியுமான மனிதர், பிள்ளையைப் பீடத்தின் முன்னால் நிறுத்தினார்.

"ஒங்க அம்மைட்ட என்ன வேணுமோ கேளு தாயி. இனி அவ எல்லாத்தையும் கேப்பா" என்றார்.

பொன்செல்வி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, பசிக்கி" என்றாள்.

அதே நொடியில், பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காத மில் இரைச்சலுக்கு நடுவில், தங்கக்கனியின் செவிட்டுக் காதுக்குள் அந்த இரண்டு சொல்லும் மணிமணியாய் விழுந்தன. அவள் கை நின்றது. நான்கு இழை அறுந்தது. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

அதற்கப்புறம் தினமும் கேட்டது. பீடத்துக்கு முன்னால் யார் வந்து எதைக் கேட்டாலும், வாய்விட்டுக் கேட்டாலும் மனசுக்குள் முணுமுணுத்தாலும், அது நேரே வந்து அந்தக் காதில் விழுந்தது. ஊரில் தனக்குக் கோயில் இருப்பதையும் அந்த வேண்டுதல்களை வைத்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். மில் விடுதிப் பெண்கள் முதலில் பேய் என்றார்கள், அடுத்து காது நோய் என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், ஆறு மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்கும்போதே, பக்கத்துப் படுக்கைக்காரி மயிலாத்தாள் ஆரம்பிப்பாள்.

"ஏம்புள்ள தங்கம், உங்கூரு வேலம்மாளோட களவுபோன ஆடு சிக்குச்சா?"

"எங்க சிக்க. களவாண்டவனும் வந்து, அம்மா என்னயக் காட்டிக் குடுத்துராதேன்னு கும்பிட்டுட்டுப் போறான்."

"அடக் கெரகமே! ரெண்டு பேத்துக்கும் நீதானா சாமி?"

முகம் பார்த்திராத வெள்ளைப்பாத்திக்காரர்களின் கல்யாணத்தையும் கடுப்பையும் அந்த விடுதியில் நாற்பது பெண்கள் மனப்பாடமாய் வைத்திருந்தார்கள். வேலம்மாளின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஒருத்திக்கும் வேலை ஓடவில்லை. சுகப் பிரசவம் என்று தங்கக்கனி கையைக் காட்டியதும் ஆளுக்கொரு பன் வாங்கித் தின்றார்கள். "நாம கோயிலுக்குப் போயி மணிக்கணக்கா அழுகறோம். சாமி எங்கயோ ஒரு மில்லுல நூல் சுத்தீட்டு இருக்குதாட்ட இருக்குது" என்று மயிலாத்தாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் கேட்பதைத் தவிர தங்கக்கனியால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிப் பார்த்தாள், குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தாள், எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. காதுதான் சாமியாகியிருந்தது, வாயும் கையும் பழைய தங்கக்கனியுடையவையாகவே இருந்தன. மகள் பேசுவதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது வரும்போது சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடது காதைக் கையால் பொத்திக்கொள்வாள், சிந்திவிடக் கூடாது என்பதுபோல.

ஒரு மாதம் என்று வந்தவள் ஏன் போகவில்லை என்றால், முதல் நான்கு வருஷம் சண்முகவேல். அவனும் குடித்துவிட்டு வந்து பீடத்தில் விழுந்து, "ஏ தங்கம், நான்தான ஒன்னயக் கொன்னுட்டேன்" என்று அழுவான். அழுகிற புருஷனை நம்பிப் போக அவள் தயாராயில்லை. ஐந்தாம் வருஷம் ஒருநாள், "அம்மா, அப்பா செத்துப்போச்சு" என்று பொன்செல்வியின் குரல் வந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அம்மனாக இருந்தால் பிள்ளை தினமும் வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுகிறாள். ஓடிப்போனவளாகப் போய் எதிரில் நின்றால் கூப்பிடுவாளோ மாட்டாளோ. அந்தப் பயத்திலேயே இன்னும் ஆறு வருஷம் போயிற்று, பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள், இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பதினோராம் வருஷம் பங்குனியில் அந்தக் குரல் நின்றது. வேலம்மாள் பேசினாள், கொம்பையா பேசினார், வராத மழைக்காகவும் வந்துவிடக் கூடாத மழைக்காகவும் ஆட்கள் பேசினார்கள், பொன்செல்வி மட்டும் இல்லை. தங்கக்கனி ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டு வாரம் பொறுத்தாள், காதில் குச்சியை விட்டுக் குடைந்து ரத்தம் வரவழைத்தாள். இருபத்து மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. தைரியமாப் போ" என்று மயிலாத்தாள் பஸ்வரை வந்தாள். "நீயே சாமி, நீயே பயந்தா எப்படி?"

அவள் போய் இறங்கியது கோயில் கொடைத் திருவிழா நாள். மூன்று செங்கல் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட கோயில் நின்றது, இரும்புக் கதவு, மைக்செட், உள்ளே அவளைவிடச் சிவப்பாக, அவளைவிடக் கோபமாக, அவள் வாழ்நாளில் போட்டிராத மூக்குத்தியோடு ஒரு சிமெண்டு அம்மன். முதலில் பார்த்தது கொம்பையாதான். தலை நரைத்திருந்தவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வா தாயி. கொடைக்கு நேருலயே வந்துட்டியே" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் பெருமை இருந்தது.

நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. பெண்கள் வரிசையாய்க் காலில் விழுந்தார்கள், வேலம்மாள் ஆட்டைப் பற்றி மறுபடியும் ஞாபகப்படுத்தினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள் பொங்கலை மூன்றாம் தடவை வாங்கித் தின்று ஏப்பம் விட்டதும்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் தட்டியது. அம்மனுக்கு வாசம் மட்டும்தானே போகும், இவ்வளவு சோறு எப்படிப் போகும் என்று ஒரு முணுமுணுப்பு.

"நான் சாகல அத்தான்" என்றாள் தங்கக்கனி. "ஓடிப்போயிட்டேன்."

மைக்செட்டை நிறுத்தினார்கள். ஆண்கள் வேப்பமரத்தடியில் கூடி அரைமணி நேரம் பேசினார்கள். ஓடிப்போனவளுக்கா கெடா வெட்டினோம் என்று ஒருவர் கோபப்பட்டார். அப்படியானால் கேட்டதெல்லாம் கொடுத்தது யார் என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் கொம்பையா எழுந்து வந்தார்.

"இங்க பாரு தங்கம். பதினோரு வருசமா நாங்க அழுதது, பொங்கல் வச்சது, நேந்துகிட்டது எல்லாம் ஒரு எடத்துக்குப் போயிருக்கணும்லா? அதுல உண்டானவ இவ. ஒன் பேரு இருக்கலாம், ஒன் சாயல் இருக்கலாம், ஆனா இவ நீ இல்ல. நீ ஓடுனது ஒன் சங்கதி, அம்மன் எங்க சங்கதி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. இருந்து கொடை பாத்துட்டுப் போ."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மைக்செட் மறுபடியும் பாடியது.

"சரி அத்தான்" என்றாள் அவள். "பொன்செல்வி எங்க? அவளுக்கு என்ன ஆச்சு? ஏன் கும்பிடுதது இல்ல?"

"ஒண்ணும் ஆகல. பங்குனியில இருந்து அவ மேலதான் அம்மன் வாரா. தன்னயத் தானே எப்படிக் கும்பிட? உள்ள விரதமா, ஒருக்கமா இருக்கா, நீ வந்தது தெரியாது. ஆட்டம் முடியட்டும், பதமாச் சொல்லிக்கலாம்."

உச்சிப் பொழுதில் மேளம் உச்சத்துக்குப் போனபோது, மஞ்சளில் நனைத்த சேலையும் கையில் வேப்பிலையுமாய், உப்புத் தண்ணீர் தின்று வெடித்த பாதங்களோடு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கோயிலுக்குள்ளிருந்து ஆடிக்கொண்டு வந்தாள். அவளிடமிருந்து வந்தது தங்கக்கனியின் குரல். பழைய தங்கக்கனியின், காதில் அடி வாங்காத தங்கக்கனியின் குரல். "தண்ணிக்குள்ள போனேன், தாயா எந்திரிச்சு வந்தேன், எம் பிள்ளய ஒருத்தரும் தொட விடமாட்டேன்" என்றது அது. கேட்டவர்கள் அழுதார்கள், தங்கக்கனிக்கும் அழுகை வந்தது. தான் அப்படி இருந்திருக்கலாம் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆட்கள் வரிசையாய்ப் போய்க் குறி கேட்டுத் திருநீறு வாங்கினார்கள், பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டிருந்த தங்கக்கனி பொறுக்கமாட்டாமல் வரிசையில் நின்றுவிட்டாள்.

"ஒனக்கு என்ன வேணும்?" என்றது அம்மன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ பேசுனது எல்லாம் வந்து சேந்துச்சுன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் தங்கக்கனி, மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். "மொதப் பல்லு விழுந்தப்ப அத எனக்குன்னு பீடத்துக்குப் பின்னால பொதச்சு வச்ச. மூணாம் வகுப்புல நீலச் சட்டை கம்பியில மாட்டிக் கிழிஞ்சிட்டு, பெரியப்பா வீட்டுப் பெரியம்மைக்குத் தெரியாம ஒட்டிக் குடுன்னு கேட்ட. அப்பா செத்தப்ப அழுக வரல, அது பாவமாம்மான்னு கேட்ட. பெரியவளான அன்னைக்கு யாருட்டயும் சொல்லாம கால்வாய்த் தண்ணியில துணியக் கசக்கிட்டு வந்து, எரியுதும்மா எரியுதும்மான்னு அழுத. பத்தாவதுல ஜெயிக்கணும்னு கேட்ட. ஜெயிச்ச அன்னைக்கு, பள்ளிக்கூடம் போதும்னுட்டாவ, உப்பு அள்ளப் போகச் சொல்லுதாவன்னு சொன்ன."

மேளக்காரர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்ணின் உடம்பிலிருந்து ஆட்டம் வடிந்தது, கையிலிருந்த வேப்பிலை விழுந்தது. கொம்பையா முன்னால் வந்தார், பொன்செல்வி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவளுக்கு இப்போது அவளுடைய சொந்தக் குரல்தான் இருந்தது, மெல்லியது, கொஞ்சம் கரகரப்பானது.

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"கேட்டும் வரலியா?"

அடி, பயம், வெட்கம் என்று பஸ்ஸில் வரும்போது தங்கக்கனி வரிசையாய் அடுக்கி வைத்திருந்தாள். "வரல" என்றாள்.

பொன்செல்வி முகத்தில் வழிந்த மஞ்சளைப் புறங்கையால் துடைத்தாள்.

"கேக்காத கல்லுட்டப் பேசுதோம்னு நெனச்சிருந்தேன்" என்றாள். "அது எவ்வளவோ நல்லாருந்துச்சு."

பிறகு குனிந்து வேப்பிலையை எடுத்துக்கொண்டாள். "பெரியப்பா, அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

தங்கக்கனி மில்லுக்குத் திரும்பவில்லை. கொம்பையா அவளை உப்பு வாரச் சேர்த்துக்கொண்டார், மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை கொடுத்தார். காது ஓயவில்லை. ஆனால் இப்போது கேட்ட இடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதை முதல் வாரத்திலேயே அவள் கண்டுகொண்டாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து வாங்க ஆளில்லை என்று ஒருத்தி பீடத்தில் முணுமுணுத்துவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் இவள் மருந்தோடு வாசலில் நின்றாள். களவாண்டவன் இன்னமும் கும்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் வீட்டுக்குப் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். மறுநாள் வேலம்மாள் கொல்லையில் ஒரு கிடாக்குட்டி கட்டிக் கிடந்தது. தன்னால் ஆகாத காரியம் என்றால் அதற்கும் போனாள், "கேட்டுச்சு தாயி, ஆனா என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் கூட இருந்துவிட்டு வந்தாள். ஊரார் இதற்கும் அசரவில்லை. அம்மனுக்கு வேலை கூடிப்போச்சு, ஒத்தாசைக்கு ஆள் வைத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு தங்கக்கனிக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் அந்தக் காது எதற்கு என்று தெரியாமல் சுமந்தவளுக்கு இப்போது தெரிந்தது, சொல்லப்போனால் தான் எதற்கு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொன்செல்வி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் பாத்தியில்தான் வேலை. போகும்போதும் வரும்போதும், வெயிலில் நிற்கிற மோட்டார் பைப்பைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று.

ஆனியில் ஒருநாள், காலத்துக்குச் சம்பந்தமில்லாமல் மேற்கே கறுத்தது. பாத்தியோரம் குவித்திருக்கும் உப்பு நனைந்தால் நான்கு நாள் வேலை தண்ணீராய்ப் போகும். கொம்பையா கத்தினார், ஆட்கள் கூடையோடு நாலாபக்கமும் ஓடினார்கள். உப்பு நிறைந்த கூடையைத் தனியாளாய்த் தலைக்கு ஏற்ற முடியாது, கழுத்து முறிந்துவிடும். எதிரில் ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும், அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரு ஜோடிக்காரி உண்டு. பொன்செல்வியின் ஜோடிக்காரி அன்று வரவில்லை. அவள் கூடையை நிறைத்துவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பத்தடி தள்ளித் தங்கக்கனி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. காற்று ஈரமாக வீசத் தொடங்கியது. பொன்செல்வி வானத்தைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள்.

"தூக்கி விடு" என்றாள்.

தங்கக்கனி பலகையைப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் குனிந்து ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்தார்கள், ஒரே மூச்சில் தூக்கினார்கள். கூடை தலையில் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் இருவர் முகத்திலும் வடிந்தது. பொன்செல்வி வரப்பில் நடந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். குனிந்து மளமளவென்று கூடையை நிறைத்தாள்.

இந்தத் தடவை அவள் கூப்பிடவில்லை. சும்மாட்டைத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

தங்கக்கனி வந்தாள்.